சத்தம் போட்டுப் பேசுகிற வீடு

எங்கள் வீட்டில் யாருக்கும் மெல்லப் பேச வராது. ஓட்டேரியில் நாங்கள் இருந்தது ஆறு குடித்தனம் சேர்ந்த ஒரு ஸ்டோர் வீடு. புதிதாக யார் குடிவந்தாலும் முதல் வாரத்துக்குள் ஒருநாள் வந்து எட்டிப் பார்ப்பார்கள், ஏதாவது சண்டையா என்று. சண்டையெல்லாம் ஒன்றும் இருக்காது. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அம்மா கேட்டிருப்பார், இருக்கிறது என்று அப்பா சொல்லியிருப்பார். அப்பாவுக்கு பின்னி மில்லில் வீவிங்கில் வேலை. நாற்பது வருஷம். ஐம்பது வயது ஆவதற்குள் காது முக்கால்வாசி போய்விட்டது. அவருக்குக் கேட்கட்டும் என்று அம்மா கத்துவார், அம்மாவின் குரலைத் தாண்டி நாங்கள் கத்துவோம், அப்படியே பழகிவிட்டது. எனக்குக் கல்யாணமான புதிதில் என் மனைவி இரண்டு மாதம் பயந்துகொண்டே இருந்தாள்.

போன வாரம் பட்டாளத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் ஒருவன் வண்டியை நிறுத்தி, போனை நீட்டி, "தாத்தா, பின்னி மில்லுன்னு காட்டுது, மில்லு எந்தப் பக்கம்?" என்றான். உயரமாக நிற்கிற அடுக்குமாடிகளைக் காட்டினேன். "அது பிளாட்டு ஆச்சே. மில்லு எங்க?" என்று மறுபடியும் கேட்டான். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, பத்து வருஷமாக எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் ஞாபகம் வந்தது. சரி, இன்றைக்கு எழுதிவிடலாம்.

அந்தப் பையன் மாதிரி விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பக்கிங்ஹாம் மில் வந்தது 1876ல், கர்நாடிக் மில் 1881ல். அந்தச் சமயத்தில் மதராஸ் கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் டியூக்; கால்வாய்க்கும் அவர் பெயர்தான், மில்லுக்கும் அவர் பெயர்தான். 1920ல் இரண்டையும் ஒன்று சேர்த்து பி அண்டு சி ஆக்கினார்கள். நடத்தியது பின்னி கம்பெனி என்பதால் வடசென்னையில் எல்லோருக்கும் அது பின்னி மில். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது இந்த மில் ஆட்களை வைத்துத்தான். வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு எல்லாம் அதில் இருந்தவர்கள். மத்தியானம் சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்பது ஆரம்பத்தில் எழுந்த குறைகளில் ஒன்று. 1996ல் மில்லை மூடியாயிற்று. அப்புறம் கொஞ்ச காலம் சினிமாக்காரர்கள் உள்ளே செட் போட்டார்கள், சண்டைக் காட்சி எடுத்தார்கள். அதற்கும் அப்புறம் இப்போது இருப்பது.

1876ல் மதராஸில் கரண்ட் ஏது. மில் ஓடியது நீராவியில். என் தாத்தா வேலைக்குப் போனது அந்தக் காலம். 1921 வேலைநிறுத்தத்தில் அவரும் இருந்தார், மாசக்கணக்கில் சம்பளம் இல்லாமல் பாட்டியின் நகை போனது வரைக்கும் எங்கள் வீட்டில் கதையாகச் சொல்வார்கள். அப்பா காலத்தில் அவருக்கு இன்ஜின் பக்கமே வேலை இல்லை, தறி உண்டு அவர் உண்டு. மில்லைப் பற்றி எங்களுக்கு, அதாவது பிள்ளைகளுக்கு, தெரிந்ததெல்லாம் சங்குதான். ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு வரை கேட்கும். முதல் சங்குக்கு அம்மா அடுப்பைப் பற்றவைப்பார், அடுத்த சங்குக்குள் அப்பாவின் டிபன் கேரியர் மூடியாக வேண்டும். வீட்டில் கடிகாரம் இருந்தது. ஆனால் அது தப்பாக ஓடினால் திருத்துவது சங்கை வைத்து.

அப்பா ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். நான் மில்லுக்குள் காலை வைக்கக் கூடாது. 1974ல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன், ஃபிட்டர். அப்போது ஸ்டீம் இன்ஜின்கள் ஓவர்ஹாலுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. பிஸ்டன், கிராஸ்ஹெட், வால்வு எல்லாம் கையால் கழற்றி மாட்டியவன் நான். எண்ணெய் துடைக்க எங்களுக்குக் கொடுப்பது காட்டன் வேஸ்ட், பஞ்சு மில்லில் கழிந்த நூல்தான் அது. அப்பா வீட்டுக்கு வரும்போது தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும், நான் வரும்போது பேண்ட் பாக்கெட்டில் எண்ணெய் ஊறிய அதே பஞ்சு.

2014ல் ரிட்டயர் ஆனேன். அடுத்த வருஷம் மகள் இருக்கிற மான்செஸ்டருக்குப் போனேன். முதல் பத்து நாள் எல்லாரையும் போல கோயில், கடை, பார்க். ஒருநாள் மாப்பிள்ளை, "மாமா, உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு இடம் இருக்கு, வாங்க" என்று காரில் ஏற்றினார். வடக்கே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் பர்ன்லி, அதை ஒட்டி ஹார்ல் சைக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே குயின் ஸ்ட்ரீட் மில்.

1894ல் அந்த ஊர்க்காரர்களே பங்கு போட்டு ஆரம்பித்த நெசவு மில் அது. நீராவியிலேயே கடைசிவரை ஓடி 1982ல் மூடியது. மூடும்போது இன்ஜின், பாய்லர், தறி எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. அதனால் அதை அப்படியே காப்பாற்றி மியூசியம் ஆக்க முடிந்தது. சுமார் 300 தறிகள் இன்னும் இருக்கின்றன. கூரை ரம்பப் பல் மாதிரி, கண்ணாடிப் பக்கம் வடக்கே பார்த்து. நேர் வெயில் விழாமல் நாள் முழுக்க ஒரே வெளிச்சம் வருவதற்காக. நம் ஊரிலும் பழைய ஒர்க்‌ஷாப், மில் எல்லாவற்றிலும் அந்தக் கூரையைப் பார்க்கலாம். வாசலில் நின்று கூரையைப் பார்த்ததுமே எனக்குப் பாதி ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது.

முதலில் இன்ஜின் ரூம். 500 குதிரைத்திறன், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிலிண்டர். சின்னதில் அதிக அழுத்தத்தில் வேலை செய்த நீராவி மிச்சம் இருக்கிற தெம்போடு பெரியதற்குப் போய் இன்னொரு தடவை தள்ளும். பெயர் 'பீஸ்', சமாதானம். முதல் உலகப் போர் முடிந்தபின் வைத்த பெயராம். பித்தளை எல்லாம் தங்கம் மாதிரி மின்னியது. அதைவிட எனக்குப் பிடித்தது ஒவ்வொரு பேரிங் மேலும் உட்கார்ந்திருந்த கண்ணாடி ஆயில் கப். சொட்டு, சொட்டு, சொட்டு. ஒரே கணக்கில். சொட்டு நின்றால் பேரிங் போயிற்று.

அந்த இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் ஏறக்குறைய என் வயது இருக்கும். பின் பாக்கெட்டில் காட்டன் வேஸ்ட் தொங்கியது. ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் போய் நின்று, கிராங்க் சுற்றி வருகிற தாளத்துக்கு ஏற்ப கையை நீட்டி, புறங்கையால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். சூடு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஷாப் மேஸ்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது: "உள்ளங்கையை வைக்காத, கை சுருங்கிப் பிடிச்சுக்கும். புறங்கையால தொடு." இவரிடம் எனக்கு அரைகுறை இங்கிலீஷ், அவர் பேசிய இங்கிலீஷ் மாப்பிள்ளைக்கே பாதிதான் புரிந்தது. நான் என் புறங்கையைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கயிறைத் தாண்டி உள்ளே வரச் சொன்னார்.

எனக்கு அங்கே பெரிய அதிசயம் ஒன்று இருந்தது. இன்ஜின் சத்தமே போடவில்லை. ரயில் இன்ஜினோடு வாழ்ந்தவனுக்கு ஸ்டீம் என்றாலே சத்தம்தான், வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கி வழியே மேலே அடிக்கிறோம், அதுதான் அந்த சிக்குபுக்கு. மில் இன்ஜினில் அப்படி விடுவதில்லை. கண்டென்சருக்குள் அனுப்பிக் குளிர்ந்த தண்ணீரால் நீராவியைத் தண்ணீராக்கிவிடுகிறார்கள். அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகி பிஸ்டனைப் பின்னாலிருந்து இழுக்கிறது, கரியும் மிச்சம். அதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும் என்பதால் மில்லை ஒட்டி ஒரு குளம். ரயில் இன்ஜின் குளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போக முடியுமா? இன்னொன்று, வேகம் ஏறி இறங்கினால் நூல் அறுந்துவிடும். அதனால் முந்நூறு தறியைப் போட்டாலும் முப்பதைப் போட்டாலும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், கவர்னர் என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதைப் பார்த்துக்கொள்ளும். அத்தனை பெரிய இரும்பு, ஊஞ்சல் ஆடுவது மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நிம்மதியாக இருந்தது பார்ப்பதற்கு.

அப்புறம் ஷெட்டுக்குள் போனோம்.

மேலே நீளமான ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் தோல் பெல்ட். அன்றைக்கு ஓட்டியது பத்துப் பன்னிரண்டு தறி இருக்கும், அவ்வளவுதான். ஒரு அம்மா ஒவ்வொன்றாக லீவரைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார். முதல் தறி ஓடும்போது சத்தம், சரி. மூன்றாவது தறிக்கு மாப்பிள்ளை ஏதோ சொன்னது கேட்கவில்லை. ஆறாவதுக்கு மேல் அது காதால் கேட்கிற விஷயமாகவே இல்லை. ஊடை நூலைச் சுமந்து போகிற நாடாவை ஒரு கட்டை அடித்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எறிகிறது, அந்தப் பக்கத்துக் கட்டை திருப்பி அடிக்கிறது, நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான அடி, அதுவும் ஒவ்வொரு தறிக்கும். தரை வழியாகக் காலில் ஏறியது, பல்லில் தெரிந்தது.

தறிகளை நிறுத்திவிட்டு அந்த அம்மா விளக்கினார். இந்தச் சத்தத்தில் பேச முடியாது என்பதால் அந்த வட்டாரத்து, அதாவது லங்காஷயர், நெசவுக்காரர்கள் உதட்டை அகலமாக அசைத்துச் சத்தமே இல்லாமல் பேசிக்கொள்வார்களாம், அதற்கு 'மீ-மா' என்று ஒரு பெயரே உண்டாம். செய்தும் காட்டினார். எதிர்க் கோடியில் நின்ற இன்னொருவர் புரிந்துகொண்டு பதில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்குக் கை வரவில்லை. அப்பாவும் எதிர்வீட்டு நாயக்கர் மாமாவும் ஞாயிற்றுக்கிழமை தெருவின் இரண்டு பக்கத் திண்ணையில் உட்கார்ந்து இதையேதான் செய்வார்கள். வாய் அசையும், விரல் இரண்டு மூன்று தடவை காற்றில் போகும், இரண்டு பேரும் சிரிப்பார்கள். நாங்கள் என்னவோ ரகசியம் என்று நினைத்துக்கொள்வோம். கொஞ்சம் ரகசியமும்தான், சம்பள நாளில் சீட்டாட்டத்துக்குப் போவதற்கு நடுத்தெருவில் அம்மா கண்ணெதிரிலேயே திட்டம் போட்டவர் அவர். ஆனால் அது எங்கே கற்றுக்கொண்ட பாஷை என்று அறுபது வயது வரைக்கும் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. லங்காஷயர்க்காரர்கள் யாரும் ஓட்டேரிக்கு வந்து அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதே தறி, அதே சத்தம், அதே வழி.

வெளியே வந்து நின்றேன். மாப்பிள்ளை ஏதோ கேட்டார், நான் பதில் சொன்னேன். "மாமா, ஏன் கத்தறீங்க?" என்றார்.

அதே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ராச்டேல் பக்கம் எல்லன்ரோடு என்ற இடத்துக்கும் கூட்டிப்போனார். அங்கே கதை வேறு. 1892ல் கட்டிய நூல் மில், 1980களில் மில்லை இடித்துவிட்டார்கள். இன்ஜின் ஹவுஸும் புகைபோக்கியும் மட்டும் நிற்கின்றன. இன்ஜின் ராட்சசன், 3,000 குதிரைத்திறன், இரண்டு பக்கத்துக்கும் விக்டோரியா, அலெக்சாண்ட்ரா என்று ராணிகளின் பெயர். மாதத்துக்கு ஒருநாள் நீராவி ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். சுற்றுகிறது, பிரமாதமாகச் சுற்றுகிறது. ஆனால் எதையும் சுற்றவில்லை. எள் போடாத செக்கு மாதிரி. இதைச் சொன்னால் அங்கே எண்ணெய்க் கையோடு நிற்கிற பெரியவர்கள் மனசு புண்படும், கிடைத்ததைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். பக்கத்தில் போல்டனில் 1966லேயே ஒரு கூட்டம் சேர்ந்து, மில்கள் மூடி இன்ஜின்கள் எடைக்குப் போகிற நேரத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றித் தூக்கிவந்து சேர்த்திருக்கிறது, அதையும் பார்த்தேன். மெச்சத்தான் வேண்டும். இருந்தாலும் இன்ஜின் மட்டும் போதாது என்றுதான் எனக்குப் பட்டது. இன்ஜின் ரூமில் நாலு பேர் வேலை பார்த்திருப்பார்கள், ஷெட்டில் நானூறு பேர். அந்த நானூறு பேரின் காது போனது இன்ஜினால் இல்லையே.

இதெல்லாம் அங்கே சுலபமாக நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. நான் பார்த்துவிட்டு வந்த மறு வருஷமே, 2016 செப்டம்பரில், பணம் இல்லை என்று லங்காஷயர் கவுண்டி நிர்வாகம் குயின் ஸ்ட்ரீட் மில்லை மூடியது. மகள் போனில் சொன்னபோது என் சொந்த வீட்டில் துக்கம் நடந்த மாதிரி இருந்தது. பிறகு மறுபடியும் திறந்துவிட்டார்கள். செலவு அப்படி. லங்காஷயர் பாய்லர் என்பது ஒரு பெரிய இரும்புப் பீப்பாய், உள்ளே நீளமாக இரண்டு குழாய், அதற்குள்தான் நெருப்பு. ஜில்லென்று கிடப்பதை அவசரமாகச் சூடேற்றினால் ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் விரியாமல் ரிவெட் எல்லாம் கசியும், அதனால் காட்சி நாளுக்கு முன்பே மெல்ல மெல்ல சூடு ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கரி, ஆள், சோதனை, சான்றிதழ். நம் ஊரிலும் 1923லேயே பாய்லர் சட்டம் வந்துவிட்டது, சான்று வாங்கிய அட்டெண்டண்ட் இல்லாமல் பாய்லரைப் பற்றவைக்க முடியாது.

சும்மா விட்டாலும் செலவுதான், கண்ணுக்குத் தெரியாத செலவு. பெயிண்ட் அடித்துக் கம்பி வேலி போட்டு வாசலில் நிறுத்திவைத்த இன்ஜின்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். வெளியே பளபள, உள்ளே பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருவேறி ஒட்டியிருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை எண்ணெய் விட்டு ஒரு சுற்று சுற்றிவைத்தால் போதும், கையால் நெம்பிச் சுற்றினாலும் சரிதான். அதைச் செய்ய ஒரு ஆளுக்கு அக்கறை வேண்டும், அந்த ஆள் ரிட்டயர் ஆவதற்குள் இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நம்மால் முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1855ல் இங்கிலாந்தில் லீட்ஸில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற ரயில் இன்ஜின், நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது, அதை ஓட வைத்தது எங்கள் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்தான். 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஓட்டிக் காட்டினார்கள். நான் அந்த வேலையில் நேரடியாக இல்லை, பக்கத்து ஷாப். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று பார்த்துக்கொண்டிருப்போம், யோசனை சொல்வோம், திட்டு வாங்குவோம். பாதிப் பாகங்களுக்கு வரைபடம் கிடையாது, இருந்ததை அளந்து புதிதாகச் செய்தார்கள். இன்ஜினை ஓடவைக்கத் தெரிந்த கைகள் பெரம்பூரில் இருந்தன, ஓட்டுவதற்கு மில் இன்ஜின் பெரம்பூரிலேயே இல்லை. லோகோ ஒர்க்ஸுக்கும் பின்னி மில்லுக்கும் நடுவே நடந்துபோகிற தூரம்தான்.

பின்னி மில்லில் என்ன வைத்திருக்கலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறேன். முழு மில்லையும் வை என்று கேட்க நான் முட்டாள் இல்லை, ஊருக்கு வீடும் வேண்டும். ரம்பப் பல் கூரையோடு ஷெட்டில் ஒரே ஒரு பகுதி. இருபது தறி. ஸ்டீம் வேண்டாம், மோட்டார் வைத்து ஷாஃப்ட்டைச் சுற்றினாலும் எனக்குச் சம்மதம், அந்தச் சங்கையும் ஒரு வேளை ஊதினால் போதும். சுவரில் 1918 வேண்டும், அதோடு 1921ம் வேண்டும். அந்த வருஷம் வேலைநிறுத்தத்துக்கு வெளியே நின்று மில்லுக்குப் போன ஆதி திராவிடத் தொழிலாளர்களுக்கும் நிறுத்தத்தில் இருந்தவர்களுக்கும் நடுவே புளியந்தோப்பில் நடந்தது, குடிசைகள் எரிந்தது, துப்பாக்கிச் சூடு, எல்லாவற்றையும் எழுத வேண்டும். என் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சொல்கிறேன். வாடியா படத்துக்கு மாலை போட்டு முடித்துக்கொள்கிற நினைவிடம் பாதிக் கதைதான் சொல்லும்.

புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. மில் பக்கம் ஒரு நடை போவேன். 1898ல் ஆரம்பித்தது, 2020ல் மூடினார்கள். உள்ளே மிச்சம் இருக்கிற இரும்புக்கு யாராவது எண்ணெய் விடுகிறார்களா என்று காவல்காரரிடம் ஒரு தடவை கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

சரி, ஊரைச் சொல்லிவிட்டேன், என்னையும் சொல்ல வேண்டும்.

அப்பா மில்லிலிருந்து கொண்டுவந்த ஒரு நாடா வீட்டில் இருந்தது. எப்படிக் கொண்டுவந்தார் என்று கேட்கக் கூடாது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம், நல்ல கனம், இரண்டு முனையிலும் கூர்மையான எஃகு, பக்கவாட்டில் நூல் வெளியே வருகிற இடத்தில் பீங்கான் வளையம் பதித்த சின்னக் கண். மரம் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். நடுவில் நூல் தார் வைக்கிற பள்ளத்தில் அம்மா ஊசி, ஊக்கு, பித்தான் எல்லாம் போட்டு வைத்திருந்தார். அப்பா 1998ல் போனார். 2003ல் நாங்கள் வீடு மாறினோம். மூட்டை கட்டுகிற அவசரத்தில் ஓட்டை பக்கெட், பழைய பேப்பர், துருப்பிடித்த இரும்பு மடக்குக் கட்டில் எல்லாவற்றையும் காயலான் கடைக்காரரின் வண்டியில் ஏற்றினேன், அந்த நாடாவையும் சேர்த்து. ஊசியையும் பித்தானையும் ஒரு கவரில் கொட்டிவிட்டுத்தான் போட்டேன், அவ்வளவு நிதானமாக. எடைக்கு எவ்வளவு கொடுத்தார் என்றுகூட ஞாபகம் இல்லை. புது வீட்டில் ஒருநாள் அம்மா ஊசி தேடினார், கவரைக் கொடுத்தேன். ஒரு நிமிஷம் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கழுவிக் காயவைத்து அதில் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்திப் பேசுகிற வீட்டில் அப்படி ஒன்று நடந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

குயின் ஸ்ட்ரீட் மில்லிலிருந்து கிளம்பும்போது வாசலில் இருந்த கடையில் பழைய நாடாக்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். கனம் ஞாபகம் இருந்தது, கைக்கு. மாப்பிள்ளை பணம் கொடுக்க வந்தார், நான் விடவில்லை. நம் ஊர்க் காசில் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று மகள் சொன்னாள். பார்த்தேன். பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றிவைத்தேன், கூர்முனை இருப்பதால் ஏர்போர்ட்டில் வேறு பெட்டியைத் திறக்கச் சொல்லி விசாரித்தார்கள். இது என்ன ஆயுதம் என்று கேட்டவரிடம், எங்க அப்பாவுடையது என்று சொல்லிவிட்டேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது.

அம்மாவுக்கு அப்போது எண்பத்தொன்று. நாடாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலை அந்தக் கண்ணில் வைத்துப் பார்த்தார், "இது வேற மாதிரி" என்று டி.வி. மேலே வைத்துவிட்டார். பிஸ்கட் டப்பாதான் ஊசிக்கு, அது மாறவில்லை. அப்புறம் போனில் எடுத்துவந்த வீடியோவைக் காட்டினேன். ஷெட்டுக்குள் நின்று கை நடுங்கிக்கொண்டே எடுத்தது, பன்னிரண்டு தறியும் ஓடுகிறது. வால்யூமைக் கடைசிவரை வைத்தேன். போன் மைக்குக்கு அவ்வளவு சத்தத்தை வாங்கத் தெரியாது, ஒரு அளவுக்கு மேல் போனால் அமுக்கிவிடும், அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மா போனைக் காதோரம் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் கேட்டார். தள்ளிவைத்துப் படத்தைப் பார்த்தார், மறுபடியும் காதில் வைத்தார்.

"இன்னாடா இது, மிக்ஸி ஓடற மாதிரி கீது. இதுக்கா உங்கப்பாவுக்குக் காது போச்சு?"